வாப்பாவின் இரத்தத்தில் ஈ.எஸ்.பி.எல். கிருமி: மருந்தை மூன்றாம் நாள் ஏன் மாற்றினார்கள்?

வாசகர் கடிதம்

என் வாப்பாவுக்கு வயது 64. சம்மாந்துறையில் வயல் செய்கிறவர். பல வருடமாகச் சீனி வருத்தம். இந்த வருடம் மூன்று தடவை சலம் போகும்போது எரிகிறது என்று பார்மசியில் சொல்லி சிப்ரோபிளொக்சசின் குளிசை வாங்கிப் போட்டார். இரண்டு மூன்று நாளில் சுகமானதும் நிறுத்திவிடுவார். போன மாதம் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, ஆளைத் தெரியாமல் பேசத் தொடங்கியதும் வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். இரண்டு கையிலும் நிறைய இரத்தம் எடுத்து, செப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கினார்கள். காய்ச்சல் விடவில்லை. மூன்றாம் நாள், இரத்தத்தில் ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலை கிருமி என்று சொல்லி மெரொபெனமுக்கு மாற்றினார்கள். அதை ஏழு நாள் போட்டுத் துண்டு வெட்டி அனுப்பினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த வயல்காரருக்கு மட்டும் மூன்று மாதத்துக்குக் குளிசை எழுதினார்கள். பலமான மருந்தை முதல் நாளே ஏன் போடவில்லை? பலவீனமாகக் கிடந்தவரிடம் அவ்வளவு இரத்தம் ஏன்? ஏழு நாள் போதுமா? இது வைத்தியசாலையில் தொற்றியதா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பிள்ளைக்குத் தொற்றுமா? மறுபடி காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வாப்பா எழுந்து நடமாடி வீடு வந்தது பெரிய ஆறுதல். உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் ஒரே முடிச்சு. இரத்தத்தை ஏன் எடுத்தார்கள் என்பது விளங்கினால், மருந்தை ஏன் மூன்றாம் நாள் மாற்றினார்கள் என்பதும் விளங்கிவிடும்.

இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றால் இரத்தம் முழுக்கக் கிருமி மொய்த்துக் கிடக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வளர்ந்தவர்களில் அப்படி இல்லை. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் பல வேளைகளில் ஒரு கிருமிதான் இருக்கும். அதுவும் இல்லாமல் போகலாம். அதனால்தான் இரத்தத்தைப் போத்தலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் தேவைப்படுகிறது. ஒரு தடவைக்கு இரண்டு போத்தல்: ஒன்று ஒட்சிசன் உள்ள சூழலில் வளரும் கிருமிகளுக்கு, மற்றது ஒட்சிசன் இல்லாமல் வளர்பவற்றுக்கு. இரண்டு கையிலும் எடுத்தால் மொத்தம் ஏறக்குறைய 40 மில்லிலீற்றர். இரத்ததானம் கொடுப்பவரிடம் 450 மில்லிலீற்றர் எடுக்கிறார்கள். அதோடு பார்த்தால் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாப்பாவை இது பலவீனப்படுத்தவில்லை. 3 மில்லிலீற்றர் மட்டும் எடுத்து 'கிருமி இல்லை' என்ற பொய்யான பதில் வந்திருந்தால்தான் ஆபத்து.

இரண்டு கையில் எடுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. நம் எல்லோருடைய தோலிலும் தீங்கில்லாத ஸ்டபிலோகொக்கஸ் வகைக் கிருமிகள் வாழ்கின்றன. ஊசி குத்தும்போது அவை போத்தலுக்குள் விழுந்தால் அவையும் வளரும். ஒரு கையில் மட்டும் அது வளர்ந்து மற்றக் கையில் வளராவிட்டால் பெரும்பாலும் தோலிலிருந்து வந்த கலப்படம் என்று முடிவெடுக்கலாம். ஒரே கையில் எடுத்திருந்தால் அந்த முடிவை எடுக்க வழியில்லை. அந்தத் தோல் கிருமிக்காகத் தேவையில்லாத வன்கொமைசின் ஊசி பல நாள் ஏறும். இதே காரணத்துக்காகத்தான் தோலை அல்ககோல் கலந்த குளோர்ஹெக்சிடினால் துடைத்து, 30 விநாடி காயவிட்டு, பிறகு அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்காமல் குத்த வேண்டும் என்கிறோம். போத்தலின் றப்பர் மூடியையும் அல்ககோலால் துடைக்க வேண்டும். மருந்து ஏற்ற ஏற்கெனவே கையில் போட்டிருக்கும் கனுலாக் குழாயிலிருந்து இழுத்த இரத்தம் இந்தச் சோதனைக்கு நல்லதல்ல.

போத்தல் ஆய்வுகூடத்துக்குப் போன பிறகு நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இயந்திரத்தில் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் சூட்டில் போத்தலை வைப்பார்கள். கிருமி பெருகும்போது வெளிவிடும் காபனீரொட்சைட்டை இயந்திரம் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அளந்துகொண்டே இருக்கும். ஈ. கோலை வேகமாகப் பெருகும் கிருமி; நல்ல சூழலில் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். அதனால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இயந்திரம் மணி அடித்துவிடும். உடனே ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமிட்டுப் பார்த்து, 'கிராம் நெகடிவ் கோல் வடிவக் கிருமி' என்று விடுதிக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். அந்த நேரத்தில் அது என்ன கிருமி, எந்த மருந்துக்குப் பணியும் என்பது எவருக்கும் தெரியாது. தட்டில் விதைத்து ஓர் இரவு வளர்த்தால் பெயர் தெரியும். மருந்துகளோடு சேர்த்து இன்னோர் இரவு வளர்த்தால் எது வேலை செய்யும் என்று தெரியும். கூட்டிப் பாருங்கள், மூன்றாம் நாள் வந்துவிடும். உங்கள் வாப்பாவின் மருந்து மூன்றாம் நாள் மாறியது, அறிக்கை அந்த நேரத்தில்தான் வர முடியும் என்பதால்தான். ஊசி தொடங்குவதற்கு முன் இரத்தம் எடுத்தபடியால்தான் அந்த அறிக்கையே வந்தது. ஒரு வேளை மருந்து ஏறிய பின் எடுத்திருந்தால் கிருமி வளராமல் போயிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. வைத்தியர்கள் இருட்டில் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள்.

பலமான மருந்தை முதலே போட்டிருக்கலாமே என்ற உங்கள் கேள்வி நியாயமானது. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போன ஒருவருக்குத் தவறான முதல் மருந்து உயிரை எடுக்கும். அப்படியானவருக்கு, வழமையான மருந்துக்குப் பணியாத எதிர்ப்புக் கிருமி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மெரொபெனத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் போட்டுவிடுவார்கள், அதுதான் சரி. அழுத்தம் நிற்கிறது, கிருமி சலவழியால் வந்திருக்கிறது என்றால் ஒன்றிரண்டு நாள் பிந்தி மாற்றினாலும் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். காய்ச்சலோடு வருகிற எல்லோருக்கும் மெரொபெனம் போட்டால் என்ன நடக்கும் என்பது உலகின் பல வைத்தியசாலைகளில் கண்ணால் கண்ட விடயம்: மெரொபெனத்தையும் உடைக்கும் கிளெப்சியெல்லா கிருமிகள் விடுதியில் குடியேறிவிடும். அதன் பிறகு கையில் மிஞ்சுவது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய கொலிஸ்டினும், விலை எட்டாத சில புதிய மருந்துகளும்தான்.

ஆனாலும் வாப்பாவின் விடயத்தில் முதல் மருந்தின் தெரிவை மாற்றியிருக்கக்கூடிய ஒரு தகவல் இருந்தது. கடந்த மாதங்களில் மூன்று தடவை சிப்ரோபிளொக்சசின் போட்டது. வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது அதை யாராவது கேட்டார்களா, நீங்கள் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய செய்தி அது. காரணத்தைச் சொல்கிறேன்.

நம் குடலில் கோடானுகோடி ஈ. கோலை இருக்கின்றன. அவற்றில் சில ஈ.எஸ்.பி.எல். என்ற நொதியைச் சுரக்கும். அந்த நொதி பென்சிலின், செப்ட்ரியாக்சோன், செபோடாக்சிம் போன்ற மருந்துகளின் மையத்தில் இருக்கும் வளையத்தை வெட்டிவிடும். வளையம் போனால் மருந்து வெறும் தண்ணீர். மெரொபெனத்தின் வளையத்தை அந்த நொதியால் வெட்ட முடியாது. இந்த நொதிக்கான மரபணு கிருமியின் பிரதான மரபுத்தொகுதிக்கு வெளியே, பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருப்பதுதான் வழமை. ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு அந்தப் பிளாஸ்மிட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். வேறு இனக் கிருமிக்குக்கூடக் கொடுக்கும். அதே பிளாஸ்மிட்டில் ஜென்டமைசின், கோ-ட்ரைமொக்சசோல் ஆகியவற்றுக்கான எதிர்ப்பும் ஏறியிருப்பது சாதாரணம். சிப்ரோபிளொக்சசினுக்கு எதிர்ப்பும் இந்தக் கிருமிகளிடம் பெரும்பாலும் கூடவே இருக்கும். ஆகவே வாப்பா சிப்ரோ குளிசை போட்ட ஒவ்வொரு தடவையும், சிப்ரோவுக்குப் பணிந்த நல்ல கிருமிகள் செத்து, பணியாதவை இடம் பிடித்தன. அவை செப்ட்ரியாக்சோனுக்கும் பணியாதவை. ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்தால் சாகாத புல் மட்டும் வயலை மூடுவதை வாப்பா நன்றாக அறிவார். அதேதான் இங்கும் நடந்தது. தொடாத மருந்துக்கு எதிர்ப்பு எப்படி வந்தது என்று பலர் கேட்பதற்கும் விடை இதுதான்.

அந்த மூன்று எரிவுகளுக்கும் சலச் சோதனை ஒன்றுகூட எடுக்காதது இன்னொரு இழப்பு. முதல் எரிவிலேயே சலத்தை வளர்த்துப் பார்த்திருந்தால் ஈ.எஸ்.பி.எல். இருப்பது அப்போதே தெரிந்திருக்கலாம். இரத்தத்தில் ஏறிய நாளில் அந்தத் தாள் மெரொபெனத்தை முதல் மணித்தியாலத்தில் கொண்டுவந்திருக்கும். பார்மசிக்காரரைக் குறைசொல்லி இதை முடிக்க முடியாது. இலங்கையில் அன்டிபயோடிக் வைத்தியரின் எழுத்து இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. கேட்பவரும் கொடுப்பவரும் இரண்டு பேரும் அதை மறக்கிறோம்.

இது வைத்தியசாலையில் தொற்றியதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அனுமதித்து 48 மணித்தியாலம் கழிந்த பின் தொடங்கும் தொற்றைத்தான் வைத்தியசாலைத் தொற்று என்று கணக்கெடுப்பார்கள். வாப்பாவின் காய்ச்சல் வீட்டில் தொடங்கியது. வைத்தியசாலைக்கு வந்தவுடனேயே இரத்தமும் எடுத்துவிட்டார்கள். தெற்காசியாவில் இந்த வகைக் கிருமி ஊருக்குள்ளேயே பரவலாக இருக்கிறது.

இனி, வீட்டுக்குக் கொண்டுவந்த அறிக்கை. அதில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் வழமையான அளவில் வேலை செய்யும். ஆர் என்றால் செய்யாது. ஐ என்பதைப் பலர் 'பாதி வேலை' என்று வாசிக்கிறார்கள்; கூடிய அளவில் கொடுத்தால், அல்லது மருந்து செறிந்து சேரும் உறுப்பில் தொற்று இருந்தால் வேலை செய்யக்கூடும் என்பதே பெரும்பாலான அறிக்கைகளில் அதன் கருத்து. சில அறிக்கைகளில் எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும்; கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்தளவு அது. எண் சிறியதாக இருக்கிற மருந்துதான் சிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. ஒரு மருந்தின் 0.5 ஐ இன்னொரு மருந்தின் 4 உடன் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. சல அறிக்கையில் நைட்ரோபியூரன்டோயினுக்கு எஸ் என்று இருந்தால் அது சலப்பையில் உள்ள தொற்றுக்கு மட்டும் உதவும். அது சலத்தில் சேருமே தவிர இரத்தத்தில் போதிய அளவு நிற்காது. காய்ச்சலோடு இருப்பவருக்கு அதைக் கொடுத்துக் காலம் கடத்தக்கூடாது.

எஸ் என்று இருந்தும் இரத்தத் தொற்றில் நம்பக்கூடாத மருந்தும் உண்டு. பிப்பரசிலின்-டசோபாக்டம் என்ற ஊசி ஈ.எஸ்.பி.எல். கிருமிக்கு எதிராக ஆய்வுகூடத்தில் பல தடவை எஸ் காட்டும். 2018 இல் வெளியான மெரினோ ஆய்வு, செப்ட்ரியாக்சோனுக்குப் பணியாத ஈ. கோலை அல்லது கிளெப்சியெல்லா இரத்தத்தில் இருந்தவர்களிடம் இதையும் மெரொபெனத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள்: பிப்பரசிலின்-டசோபாக்டம் பெற்ற 187 பேரில் 23, மெரொபெனம் பெற்ற 191 பேரில் 7. அதனால்தான் வாப்பாவுக்குச் செப்ட்ரியாக்சோனிலிருந்து நேரே மெரொபெனம்.

ஏழு நாள் போதும். நாளை எண்ணத் தொடங்குவது வேலை செய்யும் மருந்து ஏறிய நாளிலிருந்து. செப்ட்ரியாக்சோன் போட்ட நாட்கள் கணக்கில் வராது. 2024 இல் வெளியான பலன்ஸ் ஆய்வில் இரத்தத் தொற்றுள்ள 3,608 பேரைப் பாதிப்பாதியாக ஏழு நாளுக்கும் 14 நாளுக்கும் பிரித்தார்கள். 90 நாளில் இறப்பு ஏழு நாள் பிரிவில் 14.5 வீதம், 14 நாள் பிரிவில் 16.1 வீதம். கூடுதல் ஏழு நாள் எந்த நன்மையும் தரவில்லை. குடலில் எதிர்ப்புக் கிருமி பெருகவும், ஊசி ஏறும் கையில் இரத்த நாளம் வீங்கவும்தான் அது வழி. ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. முன்பு சொன்ன தீங்கில்லாத தோல் கிருமியின் கொடிய உறவான ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் இரத்தத்தில் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அந்தக் கிருமி இதய வால்விலும் முள்ளந்தண்டிலும் போய்க் குந்தும். இரத்தம் சுத்தமான நாளிலிருந்து குறைந்தது 14 நாள், பலருக்கு நான்கு முதல் ஆறு கிழமை ஊசி வேண்டும். சீழ்க்கட்டி வடிக்கப்படாமல் இருந்தாலும் ஏழு நாள் போதாது.

இதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வாப்பாவுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தார்களா என்று, துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் பாருங்கள். 64 வயது ஆணுக்கு ஒரே வருடத்தில் பல தடவை சலத்தொற்று வருவது சும்மா வராது. சிறுநீரகக் கல், வீங்கிய புரஸ்டேட் சுரப்பி, சலம் கழித்த பின்னும் பையில் தேங்கி நிற்பது, இவற்றில் ஒன்று இருக்கலாம். அந்த அடைப்பு கிடக்கும்வரை எந்த அன்டிபயோடிக்கும் தற்காலிகம்தான். ஸ்கேன் இல்லை என்றால் அடுத்த கிளினிக்கில் அதைக் கேளுங்கள். சலம் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பக்கத்துக் கட்டில்காரரின் நோய் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் வயல்காரர், இரத்தத் தொற்று, மூன்று மாதக் குளிசை என்று மூன்றும் சேர்ந்தால் மெலியோய்டோசிஸ் நினைவுக்கு வரும். இது நம் பக்கத்து ஆட்கள் அறிந்திருக்க வேண்டிய நோய். இலங்கையில் முதன்முதலாக 1927 இல் பதிவானது. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ சுவாசம் வழியாகவோ உள்ளே போகும். மழையோடு பெரும்போகம் நடக்கும் மாதங்களில் கவனம் கூட வேண்டும். சீனி வருத்தம் உள்ளவரைத்தான் அதிகம் பிடிக்கும். வாப்பாவின் கிருமி எதிர்ப்பைச் சம்பாதித்த கிருமி; இதுவோ பிறவியிலேயே ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் பணியாதது. செப்ட்ரியாக்சோனை நம்பியிருந்தால் நோயாளி கைவிட்டுப் போவார். செப்டசிடிம் அல்லது மெரொபெனம் ஊசி குறைந்தது இரண்டு கிழமை. பிறகு கோ-ட்ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதமளவில். அந்தக் குளிசையை இடையில் விட்டால் நோய் திரும்பி வரும். ஆய்வுகூடத்தில் இந்தக் கிருமியைச் சாதாரண சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்றோ கலப்படம் என்றோ தவறாக எடுத்துவிடும் அபாயமும் உண்டு. எனவே வாப்பா எப்போது அனுமதிக்கப்பட்டாலும் 'வயல் வேலை, சீனி வருத்தம்' என்ற இரண்டையும் சோதனைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். வயலில் இறங்கும்போது சப்பாத்து, காலில் புண் இருந்தால் ஆறும்வரை சேறு வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் தரும் டொக்சிசைக்கிளின் வேறு விடயம். அதை அவர்கள் சொன்னபடி போடலாம், போட்டதை வைத்தியருக்குச் சொன்னால் போதும்.

கைக்குழந்தை பற்றிய பயத்தை விடுங்கள். வாப்பாவின் குடலில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தங்கலாம். அதை அழிக்க மருந்து இல்லை, தேவையும் இல்லை. பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம், முத்தமிடலாம். தனிக் கோப்பை, தனிப் பாய் எதுவும் வேண்டாம். பரவும் வழி மலசலகூடத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. ஐவேளை ஒழுச் செய்யும் வீட்டில் கை கழுவுவது புதிதல்ல. மலசலகூடத்தால் வந்தவுடனும் சமைக்க முன்னும் பிள்ளைக்குப் பால் கரைக்க முன்னும் சவர்க்காரம் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையின் நப்கினை மாற்றியவரும் அதேபோல.

காய்ச்சல் மறுபடி வந்தால் முதலில் வெப்பமானியால் அளவுங்கள். 38 பாகைக்கு மேல் போய், பல் கிட்டும் நடுக்கம் இருந்தால் அன்றே வைத்தியசாலை. ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் என்றால், பேச்சு தடுமாறினால், கை கால் குளிர்ந்தால், சலம் குறைந்தால், மேல் இரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காத்திருக்க வேண்டாம். 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். வழியில் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு கொடுக்கலாம். அடுத்ததுக்கு ஆறு மணித்தியால இடைவெளி. டைக்ளோபெனக் குளிசையோ மலவாயில் வைக்கும் மருந்தோ வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோடிக் ஒன்றுகூட வேண்டாம். போகும் வழியில் டிஸ்பென்சரியில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாதவரை மறுத்துவிடுங்கள். அந்த ஓர் ஊசி வளர்ப்புச் சோதனையை வெறுமையாக்கிவிடும்.

கொண்டு போக வேண்டியது டயக்னோசிஸ் கார்டும் வளர்ப்புச் சோதனை அறிக்கையும். தாள் ஈரத்தில் போய்விடும். இன்றே படமெடுத்து வீட்டில் இரண்டு பேரின் போனில் வையுங்கள். அனுமதிக்கும் வைத்தியரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "வாப்பாவின் இரத்தத்தில் போன மாதம் ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலை வந்தது, மெரொபெனத்தில் சுகமானார், ஊசி போட முன் இரத்தமும் சலமும் வளர்ப்புக்கு எடுங்கள்." கடந்த மூன்று மாதத்தில் போட்ட எல்லா அன்டிபயோடிக்கின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முன் பக்கத்தில் இதைச் சிவப்பு மையில் எழுதித் தரும்படி வைத்தியரைக் கேட்டால் எழுதித் தருவார்.

ஒரே ஒரு எச்சரிக்கை மிச்சம். எரிவோ காய்ச்சலோ இல்லாதபோது, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வெளி ஆய்வுகூடத்தில் சலச் சோதனை எடுக்க வேண்டாம். இந்த வயதில், சீனி வருத்தத்தோடு, சலத்தில் கிருமி சும்மா இருப்பது சாதாரணம். அதற்கு மருந்து போட்டால் நன்மை இல்லை, எதிர்ப்புத்தான் கூடும். புரஸ்டேட் அல்லது கல்லுக்குச் சத்திரசிகிச்சை என்று முடிவானால் மட்டும் அதற்கு முன் சலத்தை வளர்த்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் இந்தப் பழைய அறிக்கையையும் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் காட்டுங்கள்.